சொல்லாமலும் வரலாம்: அதிர்ச்சிக்குப் பின் ஆலோசகரைத் தேடும் நெல்லைக்காரர்களுக்கு

எங்கள் பக்கம் யாரும் "எனக்கு மன அதிர்ச்சி" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "நெஞ்சு படபடங்கு", "கண்ணை மூடுனா அதேதான் வருது", "சோறு இறங்க மாட்டேங்கு", "என்னமோ ஒரு மாதிரியா இருக்கு" என்றுதான் வருவார்கள். பலர் அதற்கு முன்பே ஈசிஜி எடுத்து, எல்லாம் நார்மல் என்று சீட்டு வாங்கி, திருநீறும் போட்டுப் பார்த்து, கடைசியில்தான் பாளையங்கோட்டையில் நான் உட்கார்ந்திருக்கும் மாடியறைக்கு ஏறி வருவார்கள். படியேறும்போதே ஒரு பயம் இருக்கும்: உள்ளே போனதும் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லச் சொல்வார்களோ?

சொல்ல வேண்டாம். முதல் நாள் மட்டுமல்ல, பத்தாவது நாள் வரைக்கும்கூடச் சொல்லாமல் இருக்கலாம். நான் எழுதப்போவதில் பாதி இதுதான். மீதி, எங்கே போவது, யாரைப் பார்ப்பது, உள்ளே என்ன நடக்கும் என்கிற விவரம்.

ஆபத்து முடிந்துவிட்டதா?

ஆலோசகரைத் தேடும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். அடிக்கிற புருஷனோடு அதே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது அபத்தம். அவருக்கு முதலில் வேண்டியது உள்ளே தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு. பெண்களுக்கான உதவி எண் 181. மாவட்டந்தோறும் 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. சில நாள் தங்க இடம், மருத்துவம், போலீஸ், சட்ட உதவி எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே வழி செய்வார்கள். குழந்தை என்றால் 1098. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். "எஃப்ஐஆர் கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை.

செத்துப்போகலாமா என்ற நினைப்பு வந்துபோகிறது என்றால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். டெலி மனாஸ் என்ற இந்த அரசு சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. கூடவே வீட்டில் உள்ளவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும்: வயலுக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தால் அன்றைக்கே வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். பரணில் வைத்துவிட்டேன் என்றால் போதாது. அந்த நினைப்பின் உச்சம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே ஒரு உயிரைக் காப்பாற்றிவிடும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மறைக்கவும் வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

முதல் ஒரு மாதம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் சுமார் 800 பேரோடு வெள்ளத்துக்கு நடுவே நின்றது. ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் ஆறாகிவிட்டன. அடுத்த சில வாரங்களில் என்னிடம் வந்தவர்கள் ஒரே மாதிரி சொன்னார்கள்: தகரத்தில் நாலு சொட்டு விழுந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன், வாசல்படியில் தண்ணீர் வருகிறதா என்று ராத்திரி நாலு தடவை போய்ப் பார்க்கிறேன், பிள்ளைகள் மேல் சள்ளென்று விழுகிறேன்.

இது நோய் இல்லை. உயிர் போகும் என்று ஒருமுறை கண்டுகொண்ட உடம்பு, இன்னும் காவல் காக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு நாலைந்து வாரத்தில் தானாகவே தணியும். அந்த நாட்களில் வேண்டியது நேரத்துக்குச் சாப்பாடு, தெரிந்த முகங்கள், செய்வதற்கு ஏதாவது கைவேலை. "வா, உட்கார், நடந்ததைக் கொட்டித் தீர்த்துவிடு" என்று சம்பவம் நடந்த ஒன்றிரண்டு நாளிலேயே பிடித்து உட்காரவைத்துப் பேசவைப்பது பலன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யும். உலக சுகாதார அமைப்பும் அதைச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அதேபோல, பக்கத்து மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதும் வேண்டாம். அந்த வகை அமைதி மாத்திரைகளை முதல் மாதத்தில் அதிர்ச்சிக்கென்று கொடுக்கக் கூடாது என்று 2013இல் அதே அமைப்பு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதெல்லாம் பழகிவிடும், விடாது.

ஒரு மாதம் தாண்டியும் கனவு ஓயவில்லை, அந்த இடத்தைத் தவிர்ப்பதற்காக மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போகிறீர்கள், எந்நேரமும் திடுக்கிடுகிறீர்கள், வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போக முடியவில்லை என்றால் அப்போது ஆளைத் தேடுங்கள். அதற்கு முன்பே தாங்க முடியவில்லை என்றாலும் தேடலாம், காலண்டர் பார்க்க வேண்டியதில்லை. இருபது வருடம் முன்னால் நடந்ததற்கு இப்போது வருகிறவர்களும் உண்டு. அவர்களை நான் "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்" என்று கேட்பதில்லை. பிள்ளை வளர்த்தார்கள், பீடி சுற்றினார்கள், கடனடைத்தார்கள்.

படிப்பைக் கேளுங்கள், தப்பில்லை

நம் ஊரில் டாக்டரிடமே என்ன படித்தீர்கள் என்று கேட்கத் தயங்குவோம். மனநலத்தில் அந்தத் தயக்கம் ஆபத்து. ஏனென்றால் "கவுன்சிலர்" என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ள முடிகிறது. சுருக்கமாக: மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து, மேலே மனநலத்தில் எம்.டி. போன்ற பட்டம் பெற்றவர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் சோதனைகள் செய்து சிகிச்சை தருபவர், மாத்திரை எழுத மாட்டார். அவருக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவெண் இருக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள். உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுநிலைப் பட்டம் பெற்று, மேலே பயிற்சி எடுத்து ஆலோசகராக இருப்பவர்கள் மூன்றாவது வகை. நான் அந்த வகை.

அதனால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2004 டிசம்பரில் நான் சமூகப் பணி இரண்டாம் ஆண்டு மாணவி. சுனாமிக்குப் பிறகு ஒரு நிவாரணக் குழுவோடு எங்களைக் குளச்சல், கொட்டில்பாடு பக்கம் அனுப்பினார்கள். கையில் ஒரு கேள்வித்தாள். அலை வந்தபோது எங்கே இருந்தீர்கள், என்ன பார்த்தீர்கள், வீட்டில் யார் யார் போனார்கள். நானும் ஆர்வமாய் எழுதிக்கொண்டு போனேன். ஒரு வயதான அம்மா மூன்று கேள்விக்குப் பதில் சொன்னார். நாலாவதில் என் பேனாவையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "நேத்து ஒரு பிள்ளை வந்து இதையேதான் கேட்டா மக்கா. நாளைக்கு யாரு வருவா?" என்றார். அன்று ராத்திரி அவர் கட்டிலில் படுக்காமல் மணலில் உட்கார்ந்தே இருந்தார் என்று பக்கத்து முகாம்காரர் மறுநாள் சொன்னார். நான் அந்தத் தாளை நிரப்பவே இல்லை. அப்புறம் படித்ததும் எடுத்த பயிற்சிகளும் ஒரு பக்கம். அந்த ராத்திரிதான் என்னுடைய முதல் பாடம்.

ஆகவே ஆலோசகரிடம் நீங்கள் கேட்க வேண்டியது பட்டம் மட்டுமில்லை. "என்னை மாதிரி அனுபவம் உள்ளவங்களோட எத்தனை வருஷமா வேலை பார்க்கீங்க?" என்று கேளுங்கள். "உங்களுக்கு மேற்பார்வை உண்டா?" என்றும் கேளுங்கள். நான் மாதம் இரண்டு முறை ஒரு மூத்த சைக்காலஜிஸ்டிடம், வருகிறவர்களின் பெயரைச் சொல்லாமல், என் வேலையைப் பற்றிப் பேசுகிறேன். இருபது வருடமாகியும் அது இல்லாமல் என்னால் முடியாது. இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுகிற ஆலோசகரிடம் அடுத்த முறை போக வேண்டாம். "மூணே சிட்டிங்ல மறக்க வச்சிருவேன்" என்கிறவரிடம் முதல் முறையே போக வேண்டாம்.

செலவுக்குப் பயப்படுகிறவர்களுக்கு: ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டமாய் இருக்கும், நிதானமாய்ப் பேச முதல் நாளே நேரம் கிடைக்காமல் போகலாம். ஆனால் மாத்திரை தேவைப்படுகிறவர்களுக்கு அது பெரிய கை. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவினர் ஊர்ப்பக்க அரசு மருத்துவமனைகளுக்கும் முறை வைத்துப் போகிறார்கள். அம்பாசமுத்திரமோ வள்ளியூரோ உங்களுக்குப் பக்கம் என்றால் அங்கே எந்தக் கிழமை என்று விசாரித்து வையுங்கள்.

எந்த ஊர், எந்தத் தெரு?

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் "எந்த ஊரு?" என்பது குசலம். "எந்தத் தெரு?" என்பது குசலம் இல்லை. கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். சாதியின் பெயரால் வெட்டுப்பட்டவர், அண்ணனைப் பறிகொடுத்தவர், கலப்புத் திருமணம் செய்து ஒளிந்து வாழ்கிறவர் வந்து உட்காரும் நாற்காலி இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. அப்படிப்பட்ட மண்ணில், முதல் படிவத்திலேயே தெருவைக் கேட்கிற ஆலோசகர், தெரிந்தோ தெரியாமலோ கதவைச் சாத்துகிறார். நானும் ஆரம்பத்தில் கேட்டவள்தான். ஒரு பையன் பதில் சொல்லாமல் எழுந்து போனான், திரும்பி வரவே இல்லை. அதற்குப் பிறகு என் படிவத்தில் போன் நம்பர் மட்டும்தான்.

உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால் "அது எதுக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். உங்கள் ஊர்க்காரர் அல்லாத, சொந்தபந்தத்துக்குத் தெரியாத ஆலோசகர் வேண்டும் என்று நினைத்தாலும் சரிதான். அம்பையில் இருக்கிறவர் பாளையங்கோட்டைக்கு வருவதும், பாளையங்கோட்டைக்காரர் நாகர்கோவில் பஸ் ஏறுவதும் இதனால்தான். போனிலும் வீடியோவிலும் பேசுகிற ஆலோசகர்களும் இருக்கிறார்கள். வீட்டில் தனியாய்ப் பேச ஒரு அறை இருந்தால் அதுவும் நல்லதுதான்.

கூட யாரை அழைத்து வருவது

யாராவது வரட்டும், ஆனால் வெளியே உட்காரட்டும். "அவளுக்குப் பேச வராது, நான் சொல்லுதேன்" என்று அம்மாவோ மயினியோ உள்ளே வந்துவிடுவார்கள். அக்கறைதான், சந்தேகமில்லை. நான் டீ வாங்கிக்கொடுத்து வெளியே உட்காரவைப்பேன். வந்தவர் தானாகவே "அம்மா இருக்கட்டும்" என்றால் மட்டும் இருக்கலாம்.

வெளியே உட்காருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. "மறந்துரு" என்று சொல்லாதீர்கள், மறக்க முடிந்தால் அவர் ஏன் இங்கே வருகிறார். "நீ ஏன் கத்தல?" என்று கேட்கவே கேட்காதீர்கள். பயத்தின் உச்சத்தில் உடம்பு ஓடவும் செய்யும், எதிர்க்கவும் செய்யும், அப்படியே மரத்துப்போய் நிற்கவும் செய்யும். பாம்பைப் பார்த்த தவளை மாதிரி. அது சம்மதம் இல்லை, கோழைத்தனமும் இல்லை. அவர் தேர்ந்தெடுத்ததே இல்லை. இந்த ஒரு விஷயத்தைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முதல்முறையாக நிமிர்ந்து உட்காருவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

கோயிலைப் பற்றியும் கேட்பார்கள். உவரி அந்தோணியார் கோயிலில் போய் இருந்துவிட்டு வந்தவர்கள், ஆத்தங்கரைப் பள்ளிவாசலுக்குப் போனவர்கள், கோடாங்கியிடம் குறி கேட்டவர்கள் எல்லாரும் என்னிடம் வருகிறார்கள். நான் தடுப்பதில்லை. கூட நாலு பேர் உட்கார்ந்து அழுவதற்கு இடமிருக்கிறது என்பதே பாதி மருந்து. ஆனால் அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது என்று வந்தால் அந்த இடத்தில் கோடு. ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். சங்கிலி போடுவதை இப்போது சட்டமே தடை செய்திருக்கிறது.

உள்ளே என்ன நடக்கும்

முதல் சந்திப்பு முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம். எந்த நாற்காலி என்று நீங்களே பாருங்கள். கதவைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தால்தான் சிலருக்கு மூச்சு விட முடியும். கதவைத் திறந்து வைக்கச் சொல்லலாம். ஆண் ஆலோசகர் வேண்டாம் என்றும் சொல்லலாம். நான் முதலிலேயே ஒரு சைகை பேசிவைப்பேன்: கையை லேசாகத் தூக்கினால் போதும், அந்தப் பேச்சு அங்கேயே நிற்கும், காரணம் கேட்க மாட்டேன். சிலர் சும்மா சோதித்துப் பார்க்கவே கையைத் தூக்குவார்கள். நல்லது.

அப்புறம் ரகசியம். நீங்கள் சொல்வதை உங்கள் வீட்டாரிடமோ முதலாளியிடமோ நான் சொல்லக் கூடாது, அது உங்கள் உரிமை. ஆனால் விதிவிலக்குகளை முன்னாலேயே சொல்லாத ஆலோசகரை நம்பாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ஒருவரிடமாவது சொல்லியாக வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும், செய்யாவிட்டால் அது எனக்கே குற்றம். நீதிமன்றம் கேட்டாலும் நிலைமை மாறும். இதையெல்லாம் கேட்டுவிட்டு எதைச் சொல்வது என்று நீங்கள் முடிவு செய்யலாம்.

முதல் சில வாரங்கள் பேச்செல்லாம் தூக்கம், சாப்பாடு, படபடப்பு பற்றித்தான். எது கிளப்பிவிடுகிறது என்று கண்டுபிடிப்போம். பெட்ரோல் வாசனை, பட்டாசுச் சத்தம், ஒரு குறிப்பிட்ட பைக்கின் ஒலி, பூட்டும் சாவி. ஒரு அக்காவுக்கு மல்லிகைப்பூ. அது தெரிய எங்களுக்கு ஒரு மாதம் ஆனது. கண்டுபிடித்த பிறகு, அது வந்ததும் "இப்ப, இங்க" என்று உடம்பைத் திரும்பக் கொண்டுவரப் பழகுவோம். கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பெயர், தொட முடிகிற நாலு, காதில் விழுகிற மூன்று, மூக்குக்கு எட்டும் இரண்டு, நாக்கில் ஒன்று. மண்பானைத் தண்ணீரில் மணிக்கட்டை நனைப்பது. இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீட்டுவது. பீடி சுற்றும் ஒரு அம்மா இலை நறுக்கும்போது ஒன்று, இரண்டு என்று சத்தமாய் எண்ணுவார், அவருக்கு அது போதுமாயிருந்தது. மூச்சைக் கவனித்தால் பயம் கூடுகிறவர்களும் உண்டு. அவர்களைக் கண்ணை மூடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது.

இதெல்லாம் கைவந்த பிறகுதான், அதுவும் நீங்கள் விரும்பினால்தான், நடந்ததைப் பற்றிய பேச்சு. அதிர்ச்சிக்கென்று வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஒரு வழி. நினைவைத் துண்டு துண்டாக, பாதுகாப்பான இடத்தில் வைத்து எடுத்துப் பார்ப்பது, "என் தப்புதான்" என்பது போன்ற முடிவுகளைச் சோதித்துப் பார்ப்பது. இன்னொன்று ஈ.எம்.டி.ஆர். நினைவை மனதில் வைத்துக்கொண்டே கண்ணை இருபுறமும் அசைக்கும் முறை. 1987இல் பிரான்சின் ஷாபிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் தொடங்கியது. கேட்க விசித்திரமாக இருக்கும், எனக்கும் இருந்தது. அதில் விவரங்களை வாய்விட்டு முழுசாய்ச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் வெட்கமும் பயமும் அதிகமுள்ளவர்களுக்கு ஒத்துவருகிறது. இரண்டுமே முறையாய்ப் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியவை, வீடியோ பார்த்து வீட்டில் செய்ய வேண்டாம்.

இடையில் மோசமான வாரங்கள் வரும். நினைவு நாள், கோர்ட் வாய்தா, சம்பவம் நடந்த மாதத்திலேயே வரும் ஊர்க் கொடை. போன வாரம் நன்றாகத் தூங்கியவர் இந்த வாரம் விடிய விடிய விழித்திருப்பார். தேதிகளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அந்த வாரத்தில் புதிதாய் எதையும் தோண்டாமல் பார்த்துக்கொள்ளலாம். நாலைந்து முறை போன பிறகும் ஆலோசகரோடு ஒட்டவில்லை என்றால் மாறுங்கள். அவரிடமே "வேற ஆளு சொல்லுங்க" என்று கேட்கலாம். என்னிடம் கேட்டிருக்கிறார்கள், கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் வலிக்கும், எனக்குத்தான்.

முதல் நாள் கிளம்பும்போது

ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, ஒரு துண்டு, தண்ணீர். வெறும் வயிற்றோடு வர வேண்டாம். சொல்ல வராது என்று தோன்றினால் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக்கொண்டு வந்து நீட்டுங்கள். "தூக்கம் இல்லை. அதைப் பற்றிப் பேச வேண்டாம்" என்று மட்டும் எழுதிக்கொண்டு வந்தவர் உண்டு, அதை வைத்தே ஆறு வாரம் வேலை பார்த்தோம். திரும்பும்போது களைப்பாய் இருக்கும், காய்ச்சல் விட்ட மாதிரி. அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பைக்கில் வந்திருந்தால் உடனே ஓட்டிக்கொண்டு போகாமல் கீழே டீக்கடையில் கொஞ்சம் உட்காருங்கள். தூரத்து ஊர் என்றால் உங்கள் பஸ் நேரத்தைச் சொல்லி, அதற்கு அரை மணி முன்னால் முடிகிற மாதிரி நேரம் கேட்டு வாங்குங்கள்.